ஆடாமல் போன ஆண்டுகள்: இலங்கை உதைபந்தாட்ட அணி வந்த வழி

2019 ஜூன் 11ஆம் திகதி கொழும்பில் ஒரு மெட்ச் நடந்திருக்க வேண்டும். உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டியின் முதல் சுற்று, எதிரணி மக்காவ். சில நாட்களுக்கு முன் சீனாவின் ஜுஹாய் நகரில் நடந்த முதல் ஆட்டத்தில் இலங்கை 0–1 என்று தோற்றிருந்தது. கொழும்பில் இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால் அடுத்த சுற்றுக்குப் போகலாம். ஆனால் அன்று மைதானத்தில் யாரும் இறங்கவில்லை. ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்து ஏழு வாரந்தான் ஆகியிருந்தது. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் செத்தவர்களை அடக்கம் செய்த கண்ணீர் காயாத நேரம். பாதுகாப்பைக் காரணம் காட்டி மக்காவ் சங்கம் தன் அணியை அனுப்ப மறுத்துவிட்டது. உலக உதைபந்தாட்டத்தை நடத்தும் பிஃபா அந்த ஆட்டத்தை 3–0 என்று இலங்கைக்குக் கொடுத்தது.

பதிவேட்டில் அது வெற்றி. அடுத்த சுற்றுக்கும் போனோம். ஆனால் பந்து உருளவில்லை. சொந்த மண்ணில் ஒரு கோல் பின்தங்கி நின்று, கூட்டத்தின் சத்தத்தோடு அதைத் திருப்பிப் போட முயலும் அந்த 90 நிமிடம் நம் பையன்களுக்குக் கிடைக்காமலே போயிற்று. இந்த அணியின் கதையைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதியாகிக்கொண்டே வருகிறது. இலங்கை உதைபந்தாட்டத்தைக் கெடுத்தவை ஆடித் தோற்ற ஆட்டங்கள் அல்ல, ஆடாமல் போன ஆண்டுகள்தான்.

ஆங்கிலேயப் படைக்காரர்கள் காலிமுகத்திடலில் பந்தடித்ததில்தான் இங்கே எல்லாம் தொடங்கியது. அவர்கள் ஆடியதைப் பார்த்து நின்ற ஊர்ப் பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு தங்கள் தெருக்களுக்குப் போனார்கள். கிரிக்கெட் பெரிய கல்லூரிகளின் புல்தரையில் வளர்ந்தது என்றால், உதைபந்தாட்டம் வளர்ந்தது புறக்கோட்டையிலும் கொம்பனித்தெருவிலும் கொட்டாஞ்சேனையிலும். சோண்டர்ஸ் விளையாட்டுக் கழகம் 1918இல் தொடங்கியது. கொம்பனித்தெருவின் ஒரு ஒழுங்கையின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்ட ஜாவா லேன் கழகம், மலாய்க் குடும்பங்களும் முஸ்லிம்களும் தமிழர்களும் சுவரோடு சுவராக வாழும் இடத்திலிருந்து வந்தது. கொட்டாஞ்சேனைக்கு ரத்னம் கழகம். கொழும்பை விட்டு வெளியே போனால் நீர்கொழும்பு, மன்னார், யாழ்ப்பாணத்துக் குருநகர், இளவாலை என்று பெரும்பாலும் கரையோரமும் கோயில் மைதானமும். பள்ளிவாசல் பக்கம், மாதா கோயில் பக்கம், துறைமுகப் பக்கம் என்று இந்த நாட்டின் சிறுபான்மை மக்கள் கூடி வாழ்ந்த இடங்களிலெல்லாம் இந்த விளையாட்டு வேர்விட்டது. பணம் இருக்கிற பக்கம் அது போகவே இல்லை. பின்னால் நடந்த பலவற்றுக்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இலங்கை உதைபந்தாட்டச் சங்கம் 1939இல் அமைந்தது. 1952இல் பிஃபாவில் சேர்ந்தது. அதே ஆண்டு கொழும்பில் ஒரு சுற்றுப்போட்டி நடந்தது: இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை. கொழும்புக் கிண்ணம் என்று அதற்குப் பெயர். அந்த முறை இந்தியாவும் பாகிஸ்தானும் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன. அடுத்து ரங்கூன், கல்கத்தா, டாக்கா என்று ஆண்டுக்கு ஒரு நகரமாகப் போய் 1955இல் அது நின்றது. மூன்றையும் இந்தியா வென்றது. இந்தியா அப்போது சாதாரண அணி அல்ல. 1951 ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 மெல்பேர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். அப்படிப்பட்ட அணியோடு நான்கு ஆண்டு தொடர்ந்து ஆடும் வாய்ப்பு நம் ஆட்களுக்கு இருந்தது, அதுவும் நம் தலைநகரின் பெயரால். அந்தக் கிண்ணம் நின்றபோது ஆசியாவின் நல்ல அணிகளோடு ஆண்டுதோறும் இருந்த அந்த உறவும் அறுந்தது.

அதன் விலை 1964 ஜனவரி 12ஆம் திகதி தெரிந்தது. ஒலிம்பிக் தகுதிக்கான முயற்சியில் இருந்த கிழக்கு ஜேர்மனி அணி கொழும்பு வந்தது. முடிவு 12–1. இலங்கையின் ஆகப் பெரிய தோல்வி இன்றும் அதுதான். கிழக்கு ஜேர்மனி என்ற நாடு 1990இல் இல்லாமல் போனது. அதன் உதைபந்தாட்ட வரலாற்றின் ஆகப் பெரிய வெற்றியும் கொழும்பில் நடந்த இந்த ஆட்டந்தான். அந்த வீரர்கள் அதே ஆண்டு டோக்கியோவில் ஒன்றிணைந்த ஜேர்மனிக்காக ஆடி வெண்கலம் வாங்கினார்கள். ஆகவே பன்னிரண்டு கோல் வாங்கியதைப் பெரிய அவமானம் என்று நான் எண்ணவில்லை. அந்த ஒரு கோலை எப்படிப் போட்டார்கள் என்றுதான் எனக்கு அறிய ஆசை. இந்த 12–1ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும்.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நல்ல வீரர்கள் இருந்தார்கள். பீட்டர் ரணசிங்க தலைவராக இருந்த காலத்தைப் பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள். ஆனால் உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டிப் பக்கம் இலங்கை தலைகாட்டியது 1994 உலகக் கிண்ணத்துக்காகத்தான். பிஃபாவில் சேர்ந்து நாற்பது ஆண்டு கழித்து! ஒரு தலைமுறை வீரன் பந்தைத் தொட்ட நாள் முதல் காலணியைக் கழற்றும் நாள் வரை தகுதிகாண் போட்டியில் ஒரு நிமிடம்கூட ஆடாமல் போயிருக்கிறான்.

1993இல் போனபோது வாய்த்த குழு எப்படி? ஜப்பான், ஐக்கிய அரபு இராச்சியம், தாய்லாந்து, பங்களாதேஷ். எட்டு ஆட்டம், எட்டும் தோல்வி. அன்றைய பத்திரிகை வாசகன் தலையில் அடித்துக்கொண்டிருப்பான். ஆனால் இரண்டே ஆண்டில், 1995இல், தெற்காசியக் கிண்ணச் சுற்றுப்போட்டி கொழும்பில் நடந்தபோது இறுதியாட்டத்தில் இலங்கை இந்தியாவை 1–0 என்று கூடுதல் நேரத்தில் வென்றது. இன்றுவரை இலங்கைக்குக் கிடைத்த ஒரே தெற்காசியக் கிண்ணம் அது. ஜப்பானிடமும் தாய்லாந்திடமும் வாங்கிய அடிகளில் கற்றது அந்த இறுதியாட்டத்தில் கால்களில் இருந்தது என்றுதான் நான் கருதுகிறேன். பெரிய அணிகளோடு எட்டு முறை தோற்றவன், வீட்டில் உட்கார்ந்திருந்தவனை விட நன்றாக ஆடுவான். 1998 ஓகஸ்டில் பிஃபா தரவரிசையில் 122ஆம் இடம் வந்தது. அதற்கு மேல் இலங்கை ஏறியதில்லை.

அந்த 1995 கிண்ணத்தைப் பற்றி இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். மார்ச் கடைசியில் தொடங்கி ஏப்ரல் முதல் வாரத்தில் முடிந்த போட்டி அது. நாட்டில் அப்போது போர்நிறுத்தம். ஜனவரியில் தொடங்கிய அந்தப் போர்நிறுத்தம் ஏப்ரல் 19ஆம் திகதி முறிந்தது. இரண்டரை வாரம் பிந்தியிருந்தால் அந்தக் கிண்ணம் கொழும்பில் அதே மாதிரி நடந்திருக்குமா என்பதே சந்தேகம். அப்புறம், அடுத்த ஆண்டே 1996 மார்ச்சில் லாகூரில் அர்ஜுன ரணதுங்கவின் அணி கிரிக்கெட் உலகக் கிண்ணத்தைத் தூக்கியது. நானும் அன்று வீதியில் இறங்கிக் கத்தியவன்தான், அந்த மகிழ்ச்சியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த ஒரு இரவில் விளம்பரக் காசு, தொலைக்காட்சி நேரம், பாடசாலை மைதானம், பெற்றோரின் கனவு எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டன. உதைபந்தாட்ட வெற்றியின் ஈரம் காய ஒரு வருடம்கூட ஆகவில்லை.

போர் இந்த அணிக்கு என்ன செய்தது என்பதைப் பலர் மைதானம் இல்லை, பயணம் இல்லை என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதை விட ஆழமான ஒன்று உண்டு. இலங்கையில் உதைபந்தாடி மட்டும் சாப்பிட முடியாது. ஆகவே நல்ல வீரன் ஒருவனுக்கு மாதச் சம்பளமும் பயிற்சி நேரமும் சேர்த்துத் தரும் இடம் இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் ஆகியவற்றின் அணிகள். தேசிய அணியின் ஒரு பெரிய பகுதி பல காலம் அங்கிருந்துதான் வந்தது. கம்பளையிலோ குருநாகலிலோ இருக்கும் பையனுக்கு அது ஒரு ஏணி. குருநகர்ப் பையனுக்கு? அந்த ஆண்டுகளில் அவன் எந்த வாசலால் உள்ளே போவான்? கால் இருந்தது, ஏணி இல்லை. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கோடை விடுமுறையில் ஊர்ச் சுற்றுப்போட்டிகளுக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடும் அதே காலத்தில், தேசிய அணியின் பட்டியலில் வடக்குப் பெயர் அபூர்வம். போர் முடிந்த பிறகு யாழ்ப்பாணத்து ஞானரூபன் போன்றவர்கள் தேசிய அணியில் ஆடத் தொடங்கியதும் அங்கே எவ்வளவு பேர் காத்திருந்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது.

மறுபடி ஒரு நல்ல காலம் 2004இலிருந்து 2008வரை. 2006 உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டியில் லாவோஸைத் தாண்டிப் போய், அடுத்த குழுவில் சவூதி அரேபியா, துர்க்மெனிஸ்தான், இந்தோனேசியாவோடு ஆறு ஆட்டம் ஆடினார்கள். வெற்றி இல்லை. துர்க்மெனிஸ்தானோடும் இந்தோனேசியாவோடும் 2–2 என்று இரண்டு சமநிலை. சரி, அதனால் என்ன வந்தது? 2006 ஏப்ரலில் பங்களாதேஷில் முதலாவது ஆசிய சவால் கிண்ணம் நடந்தபோது இலங்கை இறுதியாட்டம் வரை போனது. காலிறுதியில் சீன தாய்பேயை (தைவான் ஆடும் பெயர் அது) 3–0, அரையிறுதியில் நேபாளத்தைப் பெனால்டியில். இறுதியில் தஜிகிஸ்தானிடம் 0–4. 2008இல் தாய்பே நகரில் பாகிஸ்தானை 7–1 என்று வென்றதுதான் இலங்கையின் ஆகப் பெரிய வெற்றி. கசுன் ஜயசூரிய அந்தக் காலத்துக் கோல் இயந்திரம். 1993க்கும் 1995க்கும் இடையில் பார்த்த அதே கணக்கு இங்கேயும் ஒத்துவருகிறது: முதலில் தொடர்ச்சியாகப் பெரிய அணிகளோடு ஆட்டங்கள், இரண்டு ஆண்டு கழித்துப் பலன்.

அதே 2008 ஜூனில் சுகததாச அரங்கில் தெற்காசியக் கிண்ணத்தின் இறுதியாட்டம் நடந்தது. கொழும்பு மைதானம், ஆனால் கிண்ணம் மாலைதீவுக்கு. அரையிறுதியில் நம்மை 1–0 என்று அனுப்பிவிட்டு, இறுதியில் இந்தியாவையும் 1–0 என்று வென்றார்கள். ஐந்து இலட்சம் அளவு மக்கள்தொகை உள்ள தீவுக்கூட்டம் அது, நாம் இரண்டு கோடிக்கு மேல். 2018இலும் அவர்களே வென்றார்கள். அவர்களிடம் ஒன்று இருந்தது: ஆண்டுதோறும் நடக்கிற, வீரனுக்குச் சம்பளம் கொடுக்கிற ஒரு லீக். நம் கோல் காப்பாளர் சுஜான் பெரேராவே பல பருவங்கள் அங்கே போய் ஆடித்தான் தன்னைக் கூர்மையாக்கி வைத்திருந்தார்.

இங்கே லீக் எப்படி? 2021இல் பத்துக் கழகங்களோடு சூப்பர் லீக் என்று தொழில்முறைப் போட்டி ஒன்று தொடங்கியது. புளூ ஸ்டார் வென்றது. தொடர்ந்து நடக்கவில்லை. இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தேர்தல்களும் வழக்குகளும் பத்திரிகையில் வந்த அளவுக்கு ஆட்டங்கள் வரவில்லை. நீண்ட காலம் சம்மேளனத் தலைவராக இருந்த மணிலால் பெர்னாண்டோவுக்கு 2013இல் பிஃபா வாழ்நாள் தடை விதித்தது. 2023 ஜனவரியில் வெளியார் தலையீடு என்று நாட்டையே இடைநிறுத்தியது. ஓகஸ்ட் கடைசி வரை தடை நீடித்தது. அந்த ஆண்டு பெங்களூரில் நடந்த தெற்காசியக் கிண்ணத்தில் இலங்கை இல்லை. வீரனுக்கு அது எப்படி இருக்கும்? இருபத்தாறு வயதில் ஒருவன் தன் கால்களின் நல்ல ஏழு மாதத்தை இழக்கிறான். யாரும் அதைத் திருப்பிக் கொடுப்பதில்லை.

இப்படி ஆட்டமில்லாமல் இருந்தால் எங்கே போய் நிற்போம் என்பதை 2015 மார்ச் காட்டியது. உலகத் தரவரிசையில் கடைசியாக, 209ஆம் இடத்தில் இருந்த பூட்டான், வாழ்க்கையில் முதல் முறையாக உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டி ஆடக் கொழும்பு வந்தது. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் ஒரு கோல். 0–1. திம்புவில் மறுபடி 1–2. பூட்டான் கொண்டாடியதை உலகமே காட்டியது, கொண்டாட அவர்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. நம் பக்கம் அன்று சுகததாச அரங்கிலிருந்து வெளியே வந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் பஸ் ஏறினார்கள். சில ஆண்டுகளில் தரவரிசையில் நாமே 200ஐத் தாண்டிக் கீழே போனோம்.

மக்காவ் வராததால் கிடைத்த இடத்தில் 2022 தகுதிகாண் குழுநிலை ஆடியபோது தென் கொரியாவிடம் 0–8, 0–5. ஆனால் 2021 ஜூன் 5ஆம் திகதி லெபனானோடு நடந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 2–3 என்று தோற்றோம். இரண்டு கோலும் வசீம் ராசிக் போட்டவை. அந்தக் குழுநிலை முழுக்க இலங்கை போட்ட கோல்கள் அவை இரண்டுந்தான். ராசிக் ஜேர்மனியில் பிறந்து, யூனியன் பெர்லின் கழகத்தில் ஆடி வளர்ந்தவர். யூனியன் பெர்லின், பழைய கிழக்கு பெர்லினின் கழகம். பின்னால் அணிக்கு வந்த இன்னொரு ஜேர்மன் பிறப்பு வீரர் கிளாடியோ கம்மர்க்னெக்ட், டைனமோ டிரெஸ்டனில் ஆடியவர். அதுவும் கிழக்கு ஜேர்மனியின் கழகம். 1964இல் நமக்குப் பன்னிரண்டு கோல் போட்ட அந்த மண்ணின் கழகங்களில் ஆடியவர்கள் இன்று நம் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். இதை முதலில் கவனித்த நாளில் எனக்குக் கொஞ்ச நேரம் வேறு வேலை ஓடவில்லை.

எப்படி இது நடந்தது? பிஃபா விதிப்படி ஒருவர் ஒரு நாட்டுக்கு ஆட அந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும். அங்கே பிறக்காதவர் என்றால் பெற்றோரோ பாட்டன் பாட்டியோ அங்கே பிறந்திருந்தால் போதும். இலங்கை இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. இந்தியா அனுமதிப்பதில்லை, ஆகவே வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளை அந்தக் கடவுச்சீட்டைக் கைவிட்டால்தான் இந்தியாவுக்கு ஆடலாம். இந்த ஒரு வித்தியாசம் நமக்குப் பெரிய கதவைத் திறந்தது. குவைத்துப் பயிற்றுவிப்பாளர் அப்துல்லா அல்முதைரி காலத்தில் ஜேர்மனி, இங்கிலாந்து, அவுஸ்திரேலியா என்று பல பக்கமிருந்தும் ஆட்கள் வந்தார்கள். சுவீடனிலிருந்து ஆதவன் ராஜமோகன். அந்தப் பெயரை அணிப் பட்டியலில் முதன்முதலில் கண்டபோது எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பையன்கள் அதை எத்தனை பேருக்குத் தொலைபேசியில் அனுப்பினார்கள் என்று எண்ண முடியாது. எண்பத்து மூன்றுக்குப் பிறகு இந்த நாட்டை விட்டுப் போன குடும்பங்களின் அடுத்த தலைமுறை, இந்தக் கொடியின் கீழ் பந்தடிக்க வருகிறது. அதற்குள் எவ்வளவு பேச்சு, எவ்வளவு தயக்கம் வீடுகளில் நடந்திருக்கும் என்பது நமக்குத் தெரியும்.

சரி, பலன்? 2024 மார்ச்சில் கொழும்பில் பிஃபா தொடரில் பூட்டானை 2–0 என்று வென்றோம். செப்டெம்பரில் ஆசியக் கிண்ணத் தகுதிக்காகக் கம்போடியாவோடு இரண்டு ஆட்டம். கொழும்பில் 0–0, புனோம் பென்னில் 2–2, பெனால்டியில் 4–2 என்று நமக்கு வெற்றி. 2025 மார்ச்சில் பாங்கொக்கில் தாய்லாந்திடம் 0–1 மட்டுமே. ஜூனில் கொழும்பில் சீன தாய்பேயை 3–1.

அந்த ஜூன் ஆட்டத்துக்கு நான் போயிருந்தேன். கொழும்பு 7இன் ரேஸ்கோர்ஸ், ஒரு காலத்தில் குதிரை ஓடிய இடம், இரண்டாம் உலகப் போரில் விமானம் இறங்கிய இடம். எனக்கு முன்வரிசையில் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தகப்பனும் பத்து வயது மகனும். பையன் கையில் கடலைச் சரை. கோல் விழும்போதெல்லாம் கடலை பறந்தது. இடைவேளையில் அவன் கைபேசியில் அணிப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகத் தட்டுத் தடுமாறி வாசித்தான். சிங்களப் பெயர், ஜேர்மன் பெயர், ஆங்கிலப் பெயர். பக்கத்திலிருந்த சிங்கள இளைஞர் ஒருவர் உச்சரிப்பைத் திருத்திக் கொடுத்தார், அவருக்கும் பாதிதான் வந்தது. பிறகு பையன் தகப்பனிடம் கேட்டான்: "இவங்கள்ல எத்தன பேர் கொழும்பு லீக்ல வெளயாடுறாங்க?"

தகப்பன் பட்டியலை வாங்கிப் பார்த்தார். விரலால் மேலிருந்து கீழே போய், மறுபடி மேலே வந்தார்.

"லீக் எப்ப நடந்திச்சு மகன், பார்க்கிறதுக்கு?"

பையன் விடவில்லை. அடுத்து எப்போது நடக்கும் என்று கேட்டான். இரண்டாம் பாதிக்கு அணிகள் வெளியே வந்தன. எல்லோரும் எழுந்து நின்றோம்.